ஆமை வண்டி துர்கா

என் அக்கா துர்காவுக்குப் பிடித்த மிருகங்கள் இரண்டு. ஒன்று ஆமை, மற்றது யாளி. ஆமை கடலில் இருக்கிறது. யாளி கோயில் தூணைத் தவிர வேறெங்கும் இல்லை. இரண்டையும் தன் ஆட்டோவில் வரைந்து வைத்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் புதுச்சேரியைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் யாளி. பின்பக்கம், பின்னால் வருகிற எவரும் பார்க்காமல் தப்ப முடியாதபடி, வண்டியின் முழு அகலத்துக்கும் ஒரு ஆமை.

போன தை மாதம் மதியச் சவாரி முடிந்து நெல்லித்தோப்பு ஸ்டாண்டுக்கு வந்தவள், வண்டியை நிறுத்திவிட்டு ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்தாள். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். நாற்பத்தைந்து வயது. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வருவதற்குள் ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அழுகைக்கு நடுவே என் காதில் விழுந்த முதல் பேச்சு இதுதான்: "ஆமைய கூடவே வெச்சுக்கினு திரிஞ்சா வேற இன்னா ஆவும்?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எங்கள் வீட்டுக்குத் தேவையான பேச்சு மொத்தத்தையும் அக்காவே பேசிவிடுவாள். இப்போது சொல்கிறேன். ஆமை என் அக்காவைக் கொல்லவில்லை. அதற்கு முன்னால் எங்கள் அப்பாவையும் கொல்லவில்லை. வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்லி இன்னும் போன் செய்கிறவர்களுக்கும் இதேதான் பதில். வண்டி ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. அவள் நிறுத்துவது போலவே, பின்பக்கம் வீட்டைப் பார்த்தபடி நிறுத்தியிருக்கிறேன்.

நாங்கள் வீராம்பட்டினத்துக்காரர்கள். அப்பா பெயர் முத்து. கட்டுமரத்தில் போவார். தன் அண்ணன் நாராயணசாமியோடு கூட்டாகக் கரைவலையும் வைத்திருந்தார். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, கரையில் நின்று இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்து இழுப்பார்கள். மீனோடு சில நாள் ஆமையும் வந்துவிடும். அப்படி வந்தால் கரையில் யாரும் அதை ஆமை என்று சொல்லமாட்டார்கள். குட்டியாண்டவர் என்பார்கள். சிக்கிய இடத்தில் வலையை அறுத்து விடுவார்கள். எத்தனை புது வலையானாலும் சரி. வலைக்காரர் வீட்டுப் பெண் மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்து ஓட்டின் மேல் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்ட வேண்டும். அது முடிந்ததும் தண்ணீர் வரைக்கும் கூட்டம் இரண்டாகப் பிரியும். அப்பா குரல் கொடுப்பார்:

"வழி வுடு, வழி வுடு. ஆண்டவரு போறாரு."

எங்கள் வீட்டில் மஞ்சள் பூசுகிற வேலை அம்மா சின்னப்பொண்ணுவுடையது. பெரியம்மாவுக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாது. குங்குமச் சிமிழைப் பிடித்துக்கொண்டு அம்மா பின்னால் ஓடுவது அக்காவின் வேலை.

இதே ஊரில், இதே மனிதர்களிடத்தில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. ஆமை வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் குடும்பம் விளங்காது. கடலில் ஆண்டவராக இருப்பது, நிலைப்படி தாண்டினால் தரித்திரம். இந்தக் கோடு எந்த இடத்தில் ஓடுகிறது என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஒன்பது வயதுப் பெண்ணிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஒரு பங்குனி விடியலில் அக்கா மணலில் ஆமைக் குஞ்சுகளைப் பார்த்தாள். குழியிலிருந்து கிளம்பிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் திசை தெரியாமல் தெருவிளக்கைப் பார்த்து ஊருக்குள் நடந்துகொண்டிருந்தது. அதைப் பாவாடையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆண்டவரை எங்கே வைப்பார்கள்? சாமி மாடத்தில். அம்மன் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் இடம் ஒதுக்கி வைத்தாள். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஓட்டில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்தாள். வேலையில் தப்பு இருக்கக்கூடாது என்று கற்பூரமும் ஏற்றினாள்.

மீன் கூடையோடு உள்ளே வந்த அம்மா, விளக்கைச் சுற்றிக்கொண்டு ஆமை நடப்பதைப் பார்த்து அலறியதில் தெருவே கூடிவிட்டது. அம்மா அவள் முதுகில் நாலு வைத்தாள். "சாமிதானேம்மா! நீதானேம்மா மஞ்ச பூசுவ?" என்று அக்கா அழுதாள். பெரியப்பா வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. அம்மா வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

அப்பா ஒருவர்தான் சிரித்தார். ஒரு கையில் குஞ்சையும் மறு தோளில் அக்காவையும் தூக்கிக்கொண்டு கடலுக்கு நடந்தார். அக்காவுக்கு அந்த நடை கடைசிவரை ஞாபகம் இருந்தது. அலை விளிம்பில் அவளையே விடச் சொன்னார். குஞ்சு தண்ணீரில் இறங்கியபோது, அதற்கும் பெரிய ஆமைக்குக் கொடுக்கிற அதே குரலைக் கொடுத்தார். சுற்றி யாருமே இல்லை. வழி விட அலைதான் இருந்தது. திரும்பும்போது, "வந்த சாமிய யாராச்சும் இப்டி தொரத்துவாங்களா? உங்கம்மாவுக்கு வெவரம் பத்தல," என்றாராம்.

ஆமையைப் பிடித்துப்போனது அப்போதுதான் என்று சொல்வாள். "அது அழகா இருந்துச்சுனு இல்ல ஹேமா. அப்பா எம்பக்கம் நின்னாரு பாரு, அதான்."

அந்த வருஷம் கார்த்திகையில் அடித்த காற்றில் அப்பாவின் கட்டுமரம் திரும்பவில்லை. நான் அப்போது கைக்குழந்தை. உடல் இல்லாமலே சடங்கு நடந்தது. அந்தக் கூட்டத்தில் பெரியப்பா சொன்னார்: "மாடத்துல கொண்டாந்து வெச்சாளே, அன்னிக்கே நெனைச்சேன்." நடுவில் எட்டு மாதம் ஓடியிருந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஆமையாச்சே, மெதுவாத்தான் வரும்," என்றாராம் பெரியப்பா. துக்க வீட்டில் நாலு பேர் சிரித்தார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் மாறும்.

அம்மா அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் இல்லை என்றும் சொன்னதில்லை. அதன் பிறகு அக்காவைச் சாமி விளக்கு ஏற்ற விட்டதில்லை. கரையில் மஞ்சள் பூசுகிற வேலை அம்மாவிடமிருந்தும் போய்விட்டது. தாலி அறுத்த கை ஆண்டவர் மேல் படக்கூடாது என்று பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். வாடை எப்படி ஒத்துக்கொண்டதென்று தெரியவில்லை.

அக்கா எட்டாவதோடு நின்று அம்மாவோடு மீன் விற்கப் போனாள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் யாராவது அவர்களிடம் சொல்லிவிடுவார்கள். மூன்றாவது தடவை வந்தவர்களிடம் அக்காவே முந்திக்கொண்டாள். "வெளிய போனா சொல்லுவாங்க, நானே சொல்லிடறேன். ஆமைய வூட்டுக்குள்ள கொண்டாந்தவ நான்தான். இன்னொரு பஜ்ஜி வெக்கட்டா?" அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. தெருவில் ஆமைக்காரி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, "இன்னா?" என்பாள். கூப்பிட்டவர்கள்தான் விழிப்பார்கள்.

என்னைக் கல்லூரியில் சேர்த்தாள். நான் விலங்கியல் எடுத்ததும் அவள் பேச்சைக் கேட்டுத்தான். பாடம் முடிந்து வந்தால் ஆமையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்பாள். பெண் ஆமை கடலெல்லாம் சுற்றினாலும் தான் பொரிந்த கரைப்பக்கமே முட்டையிட வரும் என்று ஒருநாள் சொன்னேன். கத்தியைப் பாதி மீனில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்போ அதுவும் நம்மூர்க்காரிதான்னு சொல்லு. பொறந்த ஊருக்குப் புள்ள பெற வர்றவள கதவ சாத்தித் தொரத்துறானுங்க."

நான் கல்யாணமாகி ரெட்டியார்பாளையம் வந்த பிறகு, அவளும் அம்மாவும் நெல்லித்தோப்பில் வாடகைக்கு வந்தார்கள். முப்பத்திநாலு வயதில் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டாள். யாளி வந்தது அந்த முதல் வருஷத்தில்தான். வில்லியனூருக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப்போய்க் காத்திருந்தவள், வெயிலுக்கு ஒதுங்கிக் கோயிலுக்குள் போயிருக்கிறாள். சாயங்காலம் எனக்குப் போன்.

"ஹேமா, சிங்கம் ஒடம்பு, யான தும்பிக்க, ஆட்டுக் கொம்பு, முழி ரெண்டும் வெளிய வந்து நிக்குது. அது பேரு யாளியாம். நெஜமா இருந்துச்சா?"

"இல்லக்கா. கற்பனைதான்."

"ஒன்னு கூடவா? எங்கனா எலும்பு கிலும்பு?"

"ஒன்னு கூட இல்ல."

அக்கா சொன்னாள்: "இல்லாத ஒன்னுக்கு தூணு தூணா எடம் குடுத்து வெச்சிருக்காங்க. இருக்கறதுக்கு ஒரு மாடத்துல எடம் இல்ல."

அதற்காக யாளிமேல் கோபப்பட்டாள் என்று நினைக்க வேண்டாம். அதன்மேல் பைத்தியமாகவே ஆகிவிட்டாள். சவாரி போகிற ஊரிலெல்லாம் யாளி பார்த்து வந்தாள். யாருக்கும் அடங்காத முகம் என்பாள். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாலும் யாரையும் கடித்ததாகக் கதையே இல்லை, தன்னைப் போல என்பாள். வாய்க்குள் கல் உருண்டை வைத்திருக்கிற யாளியை எங்கோ பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதே பேச்சு. விரலை விட்டால் உருளுமாம், எடுக்க வராதாம். "சொல்லாம வெச்சிருக்கற வார்த்த மாதிரி," என்றாள். அவள் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அம்மாவிடம் இருந்தது.

வண்டியில் படம் வரைய நம்பர் பிளேட் எழுதும் ஜானகிராமனிடம் போனாள். நானும் கூட இருந்தேன். போனில் எடுத்த படத்தைப் பார்த்து யாளியைச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். ஆமை என்றதும் தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டார்.

"வேணாம்மா. பொழப்புக்கு வண்டி எடுக்கற. புலி போடறேன், கழுகு போடறேன். பருந்து நல்லா வரும் எனக்கு."

"பருந்து போட்ட வண்டி எல்லாம் டிவைடர்ல ஏறிக் கெடக்குதுண்ணே. ஆமை போடு."

"பின்னாடியா? பின்னாடி வர்றவன் சிரிப்பான்."

"சிரிச்சா மெதுவா வருவான். இடிக்க மாட்டான்."

அவர் வரைந்தார். முதலில் வரைந்த ஆமைக்கு நாலு கால் இருந்தது. "இது கெணத்தாமை. கடலாமைக்குத் துடுப்பு வரணும்," என்று அழிக்க வைத்தாள். கண்ணை மட்டும் அவரே யோசித்துப் போட்டார். ஓரமாகத் திரும்பி, பின்னால் வருகிறவனைப் பார்த்து, "வா, வா, எங்க போயிடப் போற" என்பது போல ஒரு கண்.

ஸ்டாண்டில் முதல் மாதம் கேலிதான். கல்யாண மண்டபத்துக்குப் போகிறவர்கள் ஆமையைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் போனார்கள். ஸ்டாண்டுத் தலைவர் ஆனந்தராஜ், அவளைவிடச் சின்னவன், ஒருநாள் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு பேசினான்.

"யக்கா, தப்பா எடுத்துக்காத. யாளிய வெச்சுக்க, கெத்தா இருக்கு. ஆமைய அழிச்சுடு. ஸ்டாண்டுக்கே ஆமை ஸ்டாண்டுனு பேரு வந்துடுச்சு."

"எங்கிட்டேந்து எறங்கறவங்க யாரு வண்டில ஏறுறாங்க ஆனந்து?"

அவன் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு அடுத்த வண்டி பெரும்பாலும் அவனுடையதுதான்.

"அப்போ எங்காமை உனக்குப் படியளக்குது. ஒரு சூடம் ஏத்துவியா, அத வுட்டுட்டு."

கூட்டம் சிரித்துக் கலைந்துவிட்டது. அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆமை வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்க ஆரம்பித்ததும், ஆனந்தராஜே போனில் சவாரி எடுத்து, "ஆமைய அனுப்பறேன்," என்பான். ஸ்டாண்டில் ஒரு நொண்டி நாய் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். கால் போனாலும் மிடுக்குக் குறையாமல் தெருவை ரோந்து சுற்றுகிறது என்று அந்த நாய்க்கு அவள் சொல்தா என்றே பெயர் வைத்திருந்தாள். அது மழைக்கு ஒதுங்குவது அவள் வண்டி ஒன்றில்தான்.

ஊரை இப்படிச் சமாளித்துவிட்டாள். அம்மாவைத்தான் முடியவில்லை.

அம்மா அந்த ஆட்டோவில் ஒருநாள்கூட ஏறவில்லை. மார்க்கெட்டுக்கு நடந்தாள். ஆஸ்பத்திரிக்கு டெம்போவில் போனாள். அக்கா வேண்டுமென்றே வண்டியின் பின்பக்கம் வீட்டைப் பார்க்கும்படி நிறுத்துவாள். அம்மா வாசலில் திரைச்சீலை தொங்கவிட்டாள். அக்கா காற்று வரவில்லை என்று அதைச் சுருட்டிக் கட்டுவாள். அவள் சவாரிக்குப் போனதும் அம்மா அவிழ்த்துவிடுவாள். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் வருஷக்கணக்காகச் செய்தார்கள்.

ஆடி மாதம் வந்தால் சண்டை தெருவுக்கு வரும். வீராம்பட்டினம் தேருக்கு அம்மா போகாமல் இருக்கமாட்டாள். ஒரு வருஷம் நானும் கூடப் போனேன். அம்மா பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடக்கிறாள். பக்கத்திலேயே அக்காவின் ஆட்டோ, நடை வேகத்தில்.

"யம்மா, ஏறு. புது சீட்டு போட்டிருக்கேன். மெத்து மெத்துனு இருக்குது, ஒக்காந்துதான் பாரேன்."

"எங்காலு நல்லாத்தான்டி இருக்குது."

"ஊரெல்லாம் ஏறுது. பெத்தவ ஏறல. பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

"பாக்கறவன ரோட்ட பாத்துப் போவ சொல்லு."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அக்கா அவனைப் பார்த்து, "இருய்யா, குடும்பப் பேச்சு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் சொன்னாள்: "நீ ஏறலன்னா அது உண்மன்னு ஆயிடுதும்மா. நான்தான் அப்பாவ கொன்னேன்னு ஆயிடுது. வேற யாரு ஏறி இன்னா?"

அம்மாவின் நடை ஒரு கணம் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டாள்.

நாங்கள் முன் சீட்டில் உட்கார்ந்தோம். முருங்கப்பாக்கம் தாண்டுவதற்குள் அக்கா பஸ்ஸை முந்தி வந்து எங்கள் முன்னால் போக ஆரம்பித்தாள். அரியாங்குப்பம் வரைக்கும் பஸ் கண்ணாடி முழுக்க அந்த ஆமைதான், ஓரக்கண்ணால் அம்மாவையே பார்த்தபடி. டிரைவர் ஹாரன் அடித்தாலும் அவள் வழி விடவில்லை. பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. எட்டிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதை அக்காவிடம் சொன்னபோது பச்சைப் பிள்ளைபோல் சந்தோஷப்பட்டாள். "சிரிச்சுட்டால்ல? பாரு ஹேமா, அடுத்த ஆடிக்கு ஏத்திடறேன்." ஒவ்வோர் ஆடிக்கும் அதையே சொன்னாள். கடைசியாகச் சொன்னதற்கு அடுத்த ஆடிக்கு அவள் இல்லை.

அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பெரியப்பாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கைத்தடியோடு வந்தவர், உள்ளே போவதற்கு முன், ஸ்டாண்டிலிருந்து கொண்டுவந்து வாசலில் விட்டிருந்த ஆட்டோவைப் பார்த்தார். "மொதல்ல இத மூடுங்கடா," என்றார். யாரோ ஒரு பழைய தார்பாயை எடுத்துப் பின்பக்கத்தை மூடிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். யாளி இரண்டும் வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. அவற்றை யாரும் மூடச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஸ்டாண்டு வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து தெரு நீளத்துக்கு நின்றன. சொல்தா கூட வந்துவிட்டது, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டது. உடலைக் கொண்டுபோகும் நேரம் வந்ததும் ஆனந்தராஜ் உள்ளே வந்தான். கண் வீங்கியிருந்தது.

"பெரியவரே, அக்கா வண்டி முன்னால போவட்டும். நான் ஓட்டறேன். பின்னால சொர்க்க ரதம், அதுக்குப் பின்னால நாங்க வர்றோம்."

"அந்த வண்டி தெருவுலேந்தே நவுரக்கூடாது."

"பத்து வருசம் ஓட்டுன வண்டிங்க."

"அதான் போய்ட்டா. ஆமைய முன்னால வுட்டுக்கினு எந்த வூட்டு பொணம்யா போவுது? அடுத்தது யாருன்னு கேக்கறதுக்கா?"

"அழிச்சுடுனு நானே ஒரு நாளு சொன்னவன்தான்," என்றான் ஆனந்தராஜ். "அது வேணாம்னு போனவங்கள ஏத்தி நாங்க தின்ன சோறு நெறைய. வண்டி வரலன்னா ஸ்டாண்டுல ஒருத்தனும் வரமாட்டான்."

"வராட்டி போங்க."

குரல்கள் ஏறின. ஊர்க்காரர்கள் பெரியப்பா பக்கமும் டிரைவர்கள் ஆனந்தராஜ் பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். காலையிலிருந்து அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அக்காவின் நெற்றிக்கு வைக்க உறவுப் பெண் ஒருத்தி கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக் குங்குமச் சிமிழோடு கொண்டுவந்தாள். கல்யாணம் ஆகாதவள் என்பதால் மஞ்சள் பூசித்தான் அனுப்ப வேண்டும். அந்தக் கிண்ணத்தை அம்மா வாங்கிக்கொண்டாள். "நீங்க தொடக்கூடாது அத்த," என்று அந்தப் பெண் பதறினாள். அம்மா காதில் வாங்கவில்லை. அக்காவின் முகத்தில் மஞ்சளைத் தடவினாள். நெற்றியில் குங்குமம் வைத்தாள். பிறகு மிச்ச மஞ்சளோடு எழுந்தாள். "ஹேமா, சிமிழ எடுத்துக்கினு வா," என்றாள்.

நான் சிமிழைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

வாசலில் திரைச்சீலை மறித்தது. கையால் விலக்காமல் அப்படியே பிடித்து இழுத்தாள். கம்பியோடு கீழே வந்தது. ஆட்டோவுக்குப் பின்னால் போய்த் தார்பாயின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. "ஆனந்து, கத்தி இருக்குதா?" என்று கேட்டாள். அவன் வண்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வலையை அறுப்பது போல ஒரே இழுப்பில் அறுத்தாள். தார்பாய் விழுந்தது. அந்தக் கண் வீட்டைப் பார்த்தது.

அம்மா கிண்ணத்தைக் கீழே வைக்காமல், உள்ளங்கை நிறைய மஞ்சளை எடுத்து ஓட்டின் நடுவிலிருந்து விளிம்புக்குப் பூசினாள். நான் கரையில் அவள் இதைச் செய்து பார்த்ததில்லை. எனக்கு நினைவு தெரிவதற்குள் அந்த வேலை அவளிடமிருந்து போய்விட்டது. கைக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு கட்டமாக, துடுப்பு நுனி வரைக்கும் பூசினாள். என் பக்கம் கையை நீட்டினாள். சிமிழைத் திறந்து பிடித்தேன். நடு ஓட்டில் குங்குமம் வைத்தாள். அக்கா நெற்றியில் வைத்த அதே அளவு.

பெரியப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். "சின்னப்பொண்ணு, புத்தி கெட்டுப் போச்சா? தாலி அறுத்தவ குங்குமம் தொடுற. எந்தம்பிய வாரிக்கினு போன ஆமைக்குப் பூச பண்றியா?"

அவர் முன்னால் அம்மா நிமிர்ந்து நின்றதை நான் பார்த்ததே இல்லை. இரண்டு கையும் மஞ்சளாக இருந்ததால் முந்தானையைச் சரிசெய்யக்கூட இல்லை.

"உங்க தம்பிய காத்து வாரிக்கினு போச்சு மாமா. எம்பொண்ணு சாமிய சாமி எடத்துல வெச்சா. அவ்ளோதான் செஞ்சா." மூச்சு வாங்கியது. "இத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"பொணத்தோட பொம்பளைங்க வர்றது தெருமுன வரைக்கும்தான். பாத்துக்க," என்றார் பெரியப்பா.

அம்மா ஆட்டோவின் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பியில் மஞ்சள் அப்பியது.

"வழி வுடுங்க மாமா. ஆண்டவரு போறாரு."

கரையில் பிறந்த யாருக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் கால் தானாக நகரும். முதலில் ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். பெரியப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் கைத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனார்.

ஆனந்தராஜ் வண்டியை ஸ்டார்ட் செய்தான். சொல்தா அடியிலிருந்து எழுந்து உதறிக்கொண்டது. அம்மா ஏறினாள். நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சீட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். இரண்டு இடத்திலும் உள்ளங்கை மஞ்சள் பதிந்தது.

"மெத்துனுதான்டி இருக்குது," என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

பிறகு ஆனந்தராஜின் தோளைத் தட்டி, "மெதுவாப் போ. அவ மெதுவாத்தான் ஓட்டுவா," என்றாள்.

தெருமுனை வந்தது. வண்டி நிற்கவில்லை.